காற்றுத் துப்பாக்கியும் குடியானவர் அறிய வேண்டிய சட்டமும்

சம்பா நடவு முடிந்து வயல்களில் நீர் நிற்கும் நாட்களிலே, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வாய்க்கால் கரைகளில் கொக்குகளும் மடையான்களும் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அவற்றின் பின்னாலேயே தோளில் காற்றுத் துப்பாக்கியுடன் வாலிபர் சிலரும் வருவதுண்டு. விசாரித்தால், "இதற்கு லைசென்ஸு வேண்டியதில்லையென்று கடைக்காரர் சொன்னார்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. கடைக்காரர் சொன்னது பாதி மெய். மற்றப் பாதியை நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாதலின் இது எழுதப்படுகிறது.

1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக 1959-இல் இயற்றப்பட்ட சட்டமும், அதன் கீழ் 2016-இல் ஏற்பட்ட விதிகளுமே இப்பொழுது அமலில் உள்ளவை. குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், ரவை வெளிப்படும் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸு வேண்டியதில்லை. இவ்விரண்டில் எந்த ஒன்று மிஞ்சினாலும் லைசென்ஸு வேண்டும். ஜூல் என்பது யாதெனில், சக்தியை அளக்கும் ஓர் அளவு. அரைக் கிராம் எடையுள்ள ஈய ரவை விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் சக்தி ஏறக்குறைய 20 ஜூல் ஆகும். பந்தயங்களில் உபயோகிக்கும் துப்பாக்கியின் சக்தியோ சுமார் ஏழரை ஜூல்தான். ஆகவே, லைசென்ஸு இல்லாமல் கிடைப்பதென்பதால் அதனை விளையாட்டுச் சாமான் என்று எண்ணலாகாது. வாங்குவோர் சக்தியின் அளவைக் குறிப்பிட்டு ரசீது பெறுதல் நலம். பட்டறையில் கொடுத்து வில்லை மாற்றி வேகத்தைக் கூட்டுவது, லைசென்ஸு வேண்டாத துப்பாக்கியை லைசென்ஸு வேண்டுவதாக ஆக்கிவிடக் கூடும்.

நீர் நிற்கும் வயலில் சுடுவது மிக அபாயகரமானது. நீர்ப்பரப்பிலும் கல்லிலும் பட்ட ரவை நினையாத திசையில் தெறித்துச் செல்லும். அடுத்த வரப்பில் களை பறிக்கும் பெண்ணின் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஒரு கண்ணின் பார்வையை நிரந்தரமாகப் போக்குவது கொடுங்காயமென்றே சட்டம் கொள்ளுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, அஜாக்கிரதையால் பிறருக்குக் கொடுங்காயம் விளைத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம்.

இனிப் பறவைகளின் விஷயம். லைசென்ஸு இல்லாத துப்பாக்கியாயினும், லைசென்ஸு பெற்றதாயினும், கவண் கல்லாயினும், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எல்லாம் ஒன்றே. வேட்டையாடுதல் என்பதில் கொல்லுதல் மட்டுமன்றி, காயப்படுத்துதலும், அவ்வாறு செய்ய முயலுதலும் அடங்கும். குறி தவறிவிட்டதென்பது சமாதானமாகாது. அட்டவணையிலுள்ள சாதாரணப் பறவைகளுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மயில் முதல் அட்டவணையிலுள்ளது. அதனைக் கொன்றால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. துப்பாக்கியும், ஏறிச் சென்ற வண்டியும் சர்க்கார் சொத்தாகிவிடும்.

சட்டத்தை விட்டுவிட்டு விவசாயக் கணக்காகவே பார்ப்போம். உண்ணிக்கொக்கு வயலில் வெட்டுக்கிளியைத் தின்கிறது. கரிச்சான் அந்துப்பூச்சிகளைப் பறக்கும்போதே பிடிக்கிறது. கூகை இரவெல்லாம் எலி பிடிக்கிறது. கரிச்சான் உட்காருவதற்கென்று நாம் கூலி கொடுத்து வயலில் குச்சிகள் நடச் சொல்லுகிறோம். அதே பறவையைச் சுடுவதற்கு ரவை வாங்குவது என்ன கணக்கோ தெரியவில்லை.

மயிலும் பன்றியும் செய்யும் சேதம் பொய்யன்று. விருத்தாசலம் பக்கத்து மணிலா, மக்காச்சோளக் கொல்லைகளின் நிலை அனைவரும் அறிந்ததே. பயிர்ப் பாதுகாப்புக்கென நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸு வழங்க 1959 சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த லைசென்ஸு வனவுயிரைக் கொல்ல உத்தரவாகாது என்பதை அநேகர் உணரவில்லை. காட்டுப்பன்றியைப் பற்றி 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. அதன்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம்; எனினும் சுட வேண்டியவர்கள் வனத்துறையினரே, நிலச்சொந்தக்காரரல்லர். சேதம் நேர்ந்தவுடன் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் வனச்சரகத்துக்கும் எழுதித் தெரிவிப்பதே முறை.

வடகிழக்கே அருணாசலப் பிரதேசத்தில் வேட்டை ஊர்வழக்கமாகவே இருந்தது. அங்கே 2021 மார்ச்சில் காற்றுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கிற்று. கிராமத்தார் தாமே முன்வந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒப்படைத்தனர். கிராமப் பெரியவர்கள் முன்னிற்பின் இது இயலாததன்று.

குறி பார்த்துச் சுடுவதில் மெய்யாகவே ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தடுக்க வேண்டுமென்பது எமது கருத்தன்று. அவர்களுக்கு இடம் துப்பாக்கிச் சங்கம். கடலூரிலே பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் என்ற பெண், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கப் பதக்கம் பெற்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களிலும் கலந்துகொண்டார். அப்போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய இலக்கு அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பொட்டுத்தான். கொக்கைச் சுடுவதில் அத்தகைய சாமர்த்தியம் ஏது?

தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1951-இல் ஏற்பட்டது. சென்னை, கோயமுத்தூர், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களில் சங்கங்கள் உள்ளன. சேர விரும்புவோர் முதலில் சொந்தத் துப்பாக்கி வாங்காமல், சங்கத்தின் துப்பாக்கியிலேயே சில மாதம் பழகுதல் சிக்கனம். வயது, வசிப்பிடம் இவற்றிற்கான அத்தாட்சிகளைக் கேட்பார்கள். முதற்பாடம் சுடுவதன்று, குழாயை எப்பொழுதும் இலக்கை நோக்கியே பிடித்தல், உத்தரவு வரும் வரை ரவை போடாதிருத்தல், விசையில் விரல் வையாதிருத்தல் என்பனவேயாம். ஈயம் விஷமாதலால் சுட்ட பின் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சாப்பிடலாகாது.

வீட்டில் துப்பாக்கி இருக்குமாயின் ரவையை வேறு பெட்டியிலும், துப்பாக்கியைப் பூட்டிய பீரோவிலும் வைத்து, சாவியைப் பெரியவர் ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கரையில் துப்பாக்கியுடன் திரிவோரைக் கண்டால் கிராம அதிகாரி தாமே பிடுங்க முற்படாமல், நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, வனச்சரகருக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ உடனே தெரிவிக்கவும்.