காட்டுவழியும் நகர்வழியும்

பெங்களூரில் பணிபுரியும் தமிழ்த் தம்பதியர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் மகிழுந்தில் உதகமண்டலம் நோக்கிப் புறப்பட்டனர். நகரங்களையும் காடுகளையும் ஒரே பயணத்தில் காண வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதற்கு ஏற்ற வழி மைசூரு, பந்திப்பூர், முதுமலை ஆகிய இடங்களைக் கடந்து செல்லும் சாலையாகும்.

பொம்மை ஊரும் தீவு ஊரும்

பெங்களூரிலிருந்து மைசூரு ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வழியில் உள்ள சென்னபட்டணம் மரப்பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கைவினைஞர்கள் மரத்தைக் கடைந்து, சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்கை அழுத்திப் பளபளப்பான பொம்மைகளைச் செய்கின்றனர். அதனைக் கடந்தால் கரும்பு வயல்கள் சூழ்ந்த மண்டியா வரும். அதன்பின், காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவில் ஸ்ரீரங்கப்பட்டணம் அமைந்துள்ளது. திப்பு சுல்தான் 1799ஆம் ஆண்டு போரில் வீழ்ந்த இடம் இதுவே.

வழிப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்த மனைவி ஓர் ஒற்றுமையைக் கண்டறிந்தார். தமிழில் ‘பால்’ என்பது கன்னடத்தில் ‘ஹாலு’. ‘புலி’ என்பது ‘ஹுலி’. ‘பள்ளி’ என முடியும் பழைய ஊர்ப்பெயர்களைப் போலவே கன்னட ஊர்ப்பெயர்கள் ‘ஹள்ளி’ என முடிகின்றன. பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகர ஒலி, பின்னாளில் ஹகரமாக மாறியதே இதற்குக் காரணம். ‘காடு’ என்னும் சொல்லோ இரு மொழிகளிலும் மாறாமல் நிற்கிறது.

ஒளிரும் அரண்மனை

மைசூரில் முன்பிருந்த மர அரண்மனை 1897ஆம் ஆண்டு தீக்கிரையானது. இப்போதுள்ள அரண்மனையை ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். அதன் கட்டுமானம் 1912ஆம் ஆண்டு நிறைவுற்றது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்விளக்குகள் ஒரே நொடியில் ஒளிர, அரண்மனை முழுவதும் பொன்னால் வரைந்த ஓவியம்போல் தோன்றும்.

அக்காட்சியைக் கண்டு மகிழ்ந்த தம்பதியர், விளக்குகள் அணைந்த பின்னரே புறப்பட்டனர். கபினி ஆற்றங்கரையிலுள்ள நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து பந்திப்பூர்ச் சோதனைச்சாவடியை அடைந்தபோது மணி ஒன்பதே கால். சாலையின் குறுக்கே தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது.

மூடிய தடுப்பு

“கால்மணி நேரம்தானே தாமதம்! எங்களை மட்டும் விடக்கூடாதா?” என்று கணவர் கேட்டார். உதகையில் அறைக்கு முன்பணம் கட்டியிருந்ததால் அவருக்குச் சினம் மிகுந்தது.

வனக்காவலர் கன்னடம் கலந்த தமிழில் அமைதியாக விடையளித்தார்: “ஐயா, பகலில் இது உங்கள் வழி. இரவில் இது அவற்றின் வழி.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் அவசர ஊர்தி ஒலியெழுப்பியபடி வந்தது. காவலர் ஓடிச்சென்று தடுப்பை உயர்த்தினார். ஊர்தி சென்றதும் தடுப்பு மீண்டும் இறங்கியது. உயிர் காக்கும் ஊர்திக்கு வழி உண்டு. உல்லாசப் பயணத்திற்கு இல்லை என்பதை அக்காட்சியே விளக்கியது. தம்பதியர் திரும்பிச் சென்று குண்டலுப்பேட்டையில் இரவைக் கழித்தனர்.

இரவில் சாலை மூடப்படுவது ஏன்?

பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு.

காட்டுயிர்களில் பல இரவில் இரை தேடுபவை. சிறுத்தை, காட்டுமுயல், முள்ளம்பன்றி, மரநாய் முதலியவை பெரும்பாலும் இருளில் வெளிவருகின்றன. இருளில் பார்ப்பதற்கேற்ப அவற்றுள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. விளக்கொளி பட்டால் அக்கண்கள் மின்னுவது அதனால்தான். மங்கிய ஒளிக்குப் பழகிய அக்கண்களை வாகனத்தின் முகப்பு விளக்கு கூசச் செய்கிறது. மான் ஓடுவதற்கு மாறாகத் திகைத்து நின்றுவிடுகிறது.

பகலில் சூடேறிய தார்ச்சாலை இரவில் மெல்லக் குளிர்கிறது. அந்த வெதுவெதுப்பை நாடிப் பாம்புகள் வருகின்றன. பக்கி என்னும் இரவுப் பறவையும் சாலையிலேயே அமர்கிறது. விரைந்து வரும் ஓட்டுநருக்கு இவை கண்ணில் படுவதற்குள் காலம் கடந்துவிடும்.

எனினும் இத்தடையால் மக்களுக்குத் துன்பமே இல்லை என்று கூற இயலாது. குண்டலுப்பேட்டையில் பிரியும் ஒரு சாலை, கேரளத்தின் வயநாட்டிற்குச் செல்கிறது. அங்குள்ள வணிகரும் பயணிகளும் சுற்றுவழியில் செல்ல நேர்கிறது. தடையை நீக்கக் கோரி வயநாட்டு மக்கள் 2019ஆம் ஆண்டு பெரும் போராட்டம் நடத்தினர். மனிதர் தேவையும் விலங்குகளின் தேவையும் ஒரே சாலையில் சந்திக்கும்போது, எதற்கு எவ்வளவு இடம் தருவது என்பது எளிய வினா அன்று.

விடிந்தபின் கண்ட காடு

காலை ஆறு மணிக்குத் தடுப்பு உயர்ந்தது. பந்திப்பூர், 1973ஆம் ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற முதல் ஒன்பது காடுகளுள் ஒன்று. சாலையோரத்தில் புள்ளிமான் கூட்டம் மேய்ந்தது. சற்றுத் தொலைவில் ஒரு பெண் யானை தன் கன்றுடன் சாலையைக் கடக்கக் காத்திருந்தது. கணவர் வண்டியை நிறுத்தினார், ஒலி எழுப்பவில்லை, கீழே இறங்கவும் இல்லை. யானைகள் கடந்து சென்ற அந்த இடத்தைப் பார்த்தபடி, “நேற்றிரவு இவ்வழியே விரைந்து வந்திருந்தால்?” என்றார் மனைவி. கணவர் விடை கூறவில்லை.

வேறோர் இடத்தில் குரங்குகள் வண்டியைச் சூழ்ந்தன. பயணிகள் வீசும் தின்பண்டத்திற்குப் பழகியவை அவை. அவ்வாறு உணவளிப்பது இரக்கம் அன்று; காட்டில் இரை தேடும் விலங்கைச் சாலைக்கு இழுத்து, சக்கரத்தில் சிக்கவைக்கும் செயலாகும்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்ததும் முதுமலை தொடங்குகிறது. இது 1940ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டது. மோயாற்றங்கரையிலுள்ள தெப்பக்காட்டில் யானைகள் முகாம் உள்ளது. தாயைப் பிரிந்த யானைக்கன்றை இங்கு வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் பழங்குடித் தம்பதியரைப் பற்றிய ஆவணப்படம் 2023ஆம் ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. சமைத்த கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த பெரிய கவளங்களைப் பாகர்கள் யானைகளுக்கு ஊட்டுவதை இருவரும் கண்டனர்.

மலையும் நீரும்

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வழியே செல்லும் சாலை, 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் கல்லட்டி மலையில் செங்குத்தாக ஏறுகிறது. கூடலூர் வழியே செல்லும் சாலை நீளமானது. ஆயினும் ஏற்றம் குறைந்தது. தம்பதியர் கூடலூர் வழியையே தேர்ந்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையை நண்பகலில் அடைந்தனர்.

நீலகிரியின் உச்சியில் புல்வெளிகளும், பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடுகளும் உள்ளன. இவை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மழையற்ற நாள்களிலும் ஓடைகளாகச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. நீலகிரியில் பிறக்கும் மோயாறு பவானியில் சேர்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. முந்தைய நாள் நஞ்சன்கூட்டில் கண்ட கபினியும் வயநாட்டு மலைகளில் பிறந்து காவிரியிலேயே கலக்கிறது. பெங்களூர் வீடுகளின் குழாய்களில் வரும் குடிநீரில் பெரும்பகுதி காவிரி நீரே. நகரத்தையும் காட்டையும் தனித்தனியே காணப் புறப்பட்டவர்கள், இரண்டும் ஒரே நீரால் இணைந்திருப்பதை உணர்ந்தனர்.

மூன்று நாள்கள் கழித்து அவர்கள் ஊர் திரும்பினர். உதகையிலிருந்து காலை எட்டு மணிக்கே வண்டியை எடுத்தவர் கணவர்தாம். “ஏன் இவ்வளவு விரைவாகக் கிளம்ப வேண்டும்?” என்று மனைவி கேட்டார். “காட்டை மெதுவாகக் கடக்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டுமே” என்றார் அவர்.

சிந்தித்து விடை தருக

1. ‘இரவில் இது அவற்றின் வழி’ என்று வனக்காவலர் கூறியதன் பொருள் என்ன?
2. காட்டுச்சாலையில் குரங்குகளுக்கு உணவளிப்பது ஏன் தவறு?
3. இரவுப் போக்குவரத்துத் தடை வேண்டும் என்பவரும் வேண்டா என்பவரும் உரையாடுவதுபோல் பத்து வரிகள் எழுதுக.
4. நீங்கள் வாழும் ஊருக்குக் குடிநீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது? அந்த ஆறு எங்கே பிறக்கிறது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.