வலிக்கிறது என்று யார் சொன்னால் நம்புகிறார்கள்?

முதுகுவலியோடு மருத்துவமனைக்குப் போகிறவரிடம் காட்டுவதற்குக் காயம் இருக்காது, காய்ச்சல் இருக்காது. நாள்பட்ட முதுகுவலியில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. 'வலிக்கிறது' என்று நோயாளி சொல்லும் சொல்தான் சாட்சி. மருத்துவர் அதை நம்பினால் சிகிச்சை தொடங்குகிறது. நம்பாவிட்டால் நான்கு மாத்திரையோடு முடிந்துவிடுகிறது.

2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்புப் பகுதி முதுகுவலியால் அவதிப்பட்டார்கள். மனிதர்களை வேலை செய்யவிடாமல் முடக்கிப்போடும் பாதிப்புகளில் இதற்குத்தான் முதலிடம். நாற்று நடுகிறவர்கள், செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், தெருவைக் கூட்டிக் குப்பை அள்ளுகிறவர்கள் என்று நாளெல்லாம் குனிந்து நிமிரும் வேலைகளில் நம் மக்களே அதிகம். அதனால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வலியைப் பற்றி அங்கே நடந்த ஆய்வுகள் நமக்கும் பாடம்.

தடித்த தோல் என்ற பொய்

கறுப்பர்களுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று அடிமை முறைக் காலத்து மருத்துவர்கள் எழுதியே வைத்தார்கள். சவுக்கால் அடித்து வேலை வாங்கியவர்களுக்கு அந்தப் பொய் வசதியாக இருந்தது. 1840களில் அலபாமா மாநிலத்தில் ஜே.மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்து கொடுக்காமலே திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை செய்து பழகினார். அனார்ச்சா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெண்களின் பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து சிம்ஸின் சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது.

சிலை போனாலும் எண்ணம் போகவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, அட்லாண்டா நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கை, கால் எலும்பு முறிந்து வந்தவர்களின் பதிவுகளைப் பார்த்தது. வெள்ளையர்களில் 74 விழுக்காட்டினருக்கு வலி மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. கறுப்பர்களில் 57 விழுக்காட்டினருக்குத்தான் கிடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் எலும்பு முறிவுக்கே இந்தக் கதி என்றால், கண்ணுக்குத் தெரியாத முதுகுவலியை என்ன சொல்வது?

2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 222 வெள்ளை இன மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கேள்விகள் கேட்டார்கள். கறுப்பர்களின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது உண்மையாக இருக்கலாம் என்று ஏறத்தாழ பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். சிகிச்சையையும் பிழையாகப் பரிந்துரைத்தார்கள். நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு. 'உழைச்ச உடம்புதானே, தாங்கும்' என்பார்கள்.

கேட்பதும் ஒரு சிகிச்சை

2024இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, நாள்பட்ட முதுகுவலி உள்ள 1,470 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தது. தங்கள் மருத்துவர் எவ்வளவு பரிவோடு கேட்கிறார் என்று நோயாளிகளே மதிப்பெண் கொடுத்தார்கள். பரிவு மிகுந்த மருத்துவரிடம் போனவர்களுக்கு வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. வலி மருந்துகள், முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை ஆகியவற்றோடு ஒப்பிட்டாலும் மருத்துவரின் பரிவோடுதான் நல்ல பலன் கூடுதலாகச் சேர்ந்து வந்தது. பரிவே வலியைக் குறைத்தது என்று இந்த ஒரு ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் இதில் வியப்பில்லை. முதுகுவலிக்குத் தொடர்ந்து உடற்பயிற்சி வேண்டும், வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும், திரும்பத் திரும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் நாளே அவமானப்பட்டுத் திரும்பியவர் அடுத்த முறை வருவாரா?

வராமல் போவதை அறியாமை என்று சொல்லிவிடக் கூடாது. டஸ்கிகீ என்ற ஊரில் மேகநோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை, 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவநம்பிக்கைக்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. ஓக்லாந்து நகரில் நடந்த ஆய்வொன்றில், கறுப்பின ஆண்கள் கறுப்பின மருத்துவரிடம் பேசிய பிறகு கூடுதலான பரிசோதனைகளுக்கு முன்வந்தார்கள். மருத்துவப் படிப்பில் இடஒதுக்கீடு நோயாளிக்கும் பயன்தரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கைமாறிய தெர்மாமீட்டர்

நம் நாட்டுக்கு வருவோம். 1929இல் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தை அம்பேத்கர் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் சேர்த்திருக்கிறார். எழுதியவர் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தீண்டப்படாத சமூகத்து ஆசிரியர். அவருடைய மனைவி பிரசவத்துக்குப் பின் நோயுற்றபோது, மருத்துவர் அந்தப் பெண்ணைத் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, அவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி நடந்த ஆய்வு 2006இல் நூலாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்று அது பதிவு செய்தது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உள்ளே நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. வாசலைச் சட்டம் திறந்துவிட்டது. உள்ளே போனபின் தொட்டுப் பார்க்கிறார்களா, உட்காரச் சொல்கிறார்களா, ஒருமையில் பேசுகிறார்களா என்பதை யார் கணக்கெடுப்பது?

புறநோயாளிகள் கூட்டத்தில் மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில்தான் மனதில் ஊறிய எண்ணம் முந்திக்கொண்டு வரும். அமெரிக்காவில் மருத்துவமனைப் பதிவுகளில் இனம் குறிக்கப்படுவதால் இந்த வேறுபாட்டை எண்ணிக் காட்ட முடிந்தது. நோயாளியின் சீட்டில் சாதியை எழுதச் சொல்லவில்லை. அது வேறு வம்பில் முடியும். யாருக்கு ஸ்கேன், யாருக்கு பிசியோதெரபி, யாருக்கு வெறும் மாத்திரை என்று அரசு தனி ஆய்வு நடத்த வேண்டும் என்கிறோம். மருத்துவக் கல்லூரிகளில் சாதியைப் பற்றியும் பாடம் நடத்த வேண்டும்.

நோயாளிகளுக்கும் ஒன்று சொல்வோம். எத்தனை மாதமாக வலி, என்ன வேலை, எதைத் தூக்கினால் பிடிக்கிறது என்பதைச் சொல்லாமல் எழுந்து வராதீர்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க வழியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நம் தெருவுக்கு அவர்கள் வரவில்லை என்றால் எழுதிக் கொடுத்து, வரும்வரை கேளுங்கள்.