எலும்பை ஒட்டுவது யார்?

குழந்தைகளே, உங்கள் வகுப்பில் யாராவது ஒருவர் கையில் மாவுக்கட்டோடு வந்திருப்பார். அதில் பேனாவால் பெயர் எழுதி விளையாடியிருப்பீர்கள். உடைந்த எலும்பை ஒட்டுவது அந்த மாவுக்கட்டுதானா?

முதலில் கை வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். கதவைக் கைப்பிடி அருகே தள்ளுங்கள், சுலபமாகத் திறக்கும். கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், மூச்சு வாங்கும்! நம் முழங்கையும் ஒரு கீல்தான். மேற்கைத் தசை, அந்தக் கீலுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளித்தான் முன்கை எலும்பைப் பிடித்து இழுக்கிறது. அதனால் உள்ளங்கையில் 1 கிலோ சர்க்கரையை ஏந்த, தசை ஏறக்குறைய 7, 8 கிலோ தூக்கும் பலத்தோடு இழுக்க வேண்டும். நஷ்டம்தானே என்கிறீர்களா? தசை கொஞ்சம் சுருங்கினாலே கை வெகுதூரம் வீசும். பந்தை வேகமாக எறிய முடிவது அதனால்தான்.

இவ்வளவு இழுவையைத் தாங்க, எலும்பு கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. மெல்லிய கோழி எலும்பு ஒன்றைக் கழுவி, ஒரு வாரம் வினிகரில் ஊறப்போடுங்கள். ரப்பர் போல வளையும்! கால்சியம் உப்பு கரைந்து, கொலாஜன் என்ற புரதம் மிஞ்சியிருக்கும். கால்சியம் உறுதி தருகிறது; கொலாஜன் நொறுங்காமல் காக்கிறது.

எலும்பு உடைந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரங்களில் காது மடல் போன்ற குருத்தெலும்பு வளர்ந்து, இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். பிறகு அதில் கால்சியம் படிந்து இறுகும். முதலில் முண்டாக இருக்கும் ஒட்டை, எலும்பைக் கரைக்கும் செல்கள் மாதக்கணக்கில் செதுக்கிச் சீராக்கும். மாவுக்கட்டின் வேலை அதுவரை அசையாமல் பிடித்திருப்பதுதான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் புத்தூர் கட்டும் அப்படித்தான். என்னைக் கேட்டால், எந்தக் கட்டானாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். கோணலாக வைத்துக் கட்டினால் கோணலாகவே கூடிவிடும்!

ஆனால், முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் அறுந்தால் எலும்பைப் போல மீண்டும் கூடுவதில்லை. அதனால்தான் விபத்தில் முதுகில் அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது; 108-ஐ அழைக்க வேண்டும்.

நம் வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954-ல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, அவரது கால்கள் இரண்டும் செயலிழந்தன. கைகள்தான் நன்றாக இருக்கின்றனவே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

காட்பாடியில் பாகாயம் பஸ் ஏறிப் போகிறவர்கள் அந்தப் பக்கம்தான் இறங்குகிறார்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இத்தகைய மையங்களில் கற்றுத்தரும் முக்கியமான பாடங்களில் ஒன்று, இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. அத்தனை பாரத்தையும் அப்போது தாங்குவது அந்த முழங்கைக் கீல்கள்தான்.