அத்லோன் நகர உதைபந்தாட்டக் கழகம்

அளவெட்டி என்ற பெயரை வலிகாமத்துக்கு வெளியே உள்ளவர்கள் தேசப்படத்தில் பார்த்து அறிந்தவர்கள் அல்லர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பெயருக்கு முன்னாலும், நாதஸ்வர வித்துவான் பத்மநாதனின் பெயருக்கு முன்னாலும் அவ்வூர்ப் பெயர் நின்றது. கோயில் வீதிகளிலும் வானொலி அறிவிப்புகளிலும் அவ்வாறே அது ஒலித்தது. அளவெட்டிக்குச் செல்லும் வழி எதுவென்று அறியாத தமிழகத்து இரசிகர்கள்கூட, அளவெட்டிக்காரரின் தவில் எத்தகையது என்பதை அறிந்திருந்தனர். சிற்றூர் எதுவும் தன் பெயரைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போவதில்லை. தூக்கிச் செல்வதற்குச் சில மனிதர் வேண்டும். அளவெட்டிக்கு அம்மனிதர் கலைஞராக வாய்த்தனர். அயர்லாந்தில் உள்ள ஒரு சிறு நகருக்கு அவர்கள் பெரும்பாலும் உதைபந்தாட்டக்காரராக வாய்த்தனர். அந்நகரின் பெயர் அத்லோன்.

அயர்லாந்து யாழ்ப்பாணத்தவர்க்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. யாழ்ப்பாணப் புனித பத்திரிசியார் கல்லூரி தாங்கி நிற்பது அந்நாட்டுப் புனிதரின் பெயரையே. அக்கல்லூரியின் அதிபராக 1936 முதல் 1954 வரை விளங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுவதற்கு அரும்பாடுபட்ட லோங் அடிகளாரும் அயர்லாந்தவரே. ஆயினும் அவர் நாட்டின் ஊர்களை இங்கு அறிந்தோர் சிலரே.

அத்லோன் அயர்லாந்தின் ஏறக்குறைய நட்டநடுவே, ஷானன் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த நகர். 2022ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 23,000 பேர். ஆற்றைக் கடக்கும் துறை அதுவாகையால் பழங்காலந்தொட்டே அதனைப் பிடிப்பதற்குப் போர்கள் நிகழ்ந்தன; கோட்டையும் படைமுகாமும் எழுந்தன. புகழ்பெற்ற பாடகர் ஜோன் மக்கோமக் 1884இல் பிறந்தது இவ்வூரிலேதான். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து பழகியவர்களுக்கு இன்னொரு செய்தி சுவை தரும். அயர்லாந்தின் பேராற்றல் வாய்ந்த ஒலிபரப்பு நிலையம் நாட்டின் நடுவே அமைய வேண்டும் என்று கருதி, 1932இல் அத்லோனுக்கு அருகில் நிறுவப்பட்டது. அவ்வாண்டு டப்ளின் நகரில் நடைபெற்ற நற்கருணை மாநாட்டின் பெருந்திருப்பலியில் மக்கோமக் பாடினார். அவர் பிறந்த ஊரின் அருகிலிருந்தே அக்குரல் காற்றில் ஏறிப் பரவியது. அதன்பின் சில ஆண்டுகள் அந்நாட்டு ஒலிபரப்பே ‘ரேடியோ அத்லோன்’ என வழங்கிற்று. ஐரோப்பாவின் பழைய வானொலிப் பெட்டிகள் பலவற்றில், இலண்டன், பாரிஸ் என்னும் மாநகர்ப் பெயர்களின் வரிசையில் இச்சிறு நகரின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது.

உதைபந்தாட்டக் கழகமோ வானொலிக்கும் மூத்தது. அது தோன்றிய ஆண்டு 1887. அயர்லாந்து லீக்கில் இன்று ஆடும் கழகங்களுள் இதுவே வயதில் முந்தியது. படைமுகாம் உள்ள ஊரில் பிரித்தானியச் சிப்பாய்கள் பந்தை உதைத்து விளையாட, ஊர் இளைஞர் பார்த்துப் பழகிக்கொண்டனர். இதில் வியப்பு எதுவுமில்லை. வியப்பு யாதெனில், அப்படிப் பழகியது ஒரு குற்றம்போலக் கருதப்பட்டதேயாகும்.

கழகம் தோன்றுவதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1884இல், கேலிக் விளையாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டிருந்தது. அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களை மீட்டெடுப்பது அச்சங்கத்தின் நோக்கம். நாட்டுப்பற்றும் விளையாட்டும் அங்கே ஒன்றாகக் கலந்திருந்தன. ஆங்கிலேயர் கொண்டுவந்த உதைபந்தாட்டம் ‘பட்டாளத்தார் ஆட்டம்’ என இகழப்பட்டது. சங்கத்தின் உறுப்பினர் அதை ஆடலாகாது; பார்வையாளராகச் சென்று நிற்பதும் ஆகாது. 1938இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், போலந்துக்கு எதிரான உதைபந்தாட்டமொன்றைக் காணச் சென்றார். ஐரிஷ் மொழியின் மறுமலர்ச்சிக்காக வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் அவர். அவரையும் விடாமல், சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்து நீக்கினர். இத்தடை 1971இலேயே எடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளின் முற்றங்களில் வேரூன்றிய இதே ஆட்டத்தை, ஊர்ப்பற்றுக்கு மாறானது என்று எவரும் இவ்வளவு கடுமையாகத் தள்ளிவைத்ததில்லை. அத்லோன் இளைஞனுக்கோ பந்தை உதைப்பதே தான் எந்தப் பக்கம் என்று அறிவிப்பதாயிற்று. அந்தப் பழியைச் சுமந்துகொண்டேதான் கழகம் வளர்ந்தது.

சுதந்திர அயர்லாந்து பிறந்த 1922ஆம் ஆண்டில் கழகம் புதிய தேசிய லீக்கில் சேர்ந்தது. 1924 மார்ச் 17ஆம் நாள், பத்திரிசியார் திருநாளன்று, டப்ளின் டேலிமவுண்ட் மைதானத்தில் நடந்த கிண்ண இறுதியாட்டத்தில், கோர்க் நகர மோட்டார்த் தொழிற்சாலையின் குழுவான போர்ட்சன்ஸ் குழுவை 1-0 என வென்றது. அதே கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய அயர்லாந்துக் குழுவில் அத்லோன் கழகத்தவரும் இடம்பெற்றனர். நாடு தன் கொடியுடன் உலக அரங்கில் நின்ற வேளையில், ‘பட்டாளத்தார் ஆட்டம்’ ஆடியவர்களே அக்கொடியை ஏந்தினர் என்பது கவனிக்கத்தக்கது.

அதற்கு நான்கு ஆண்டுகளின் பின், 1928இல், கழகம் லீக்கை விட்டு வெளியேறியது. மீண்டும் அதற்குள் நுழைந்தது 1969இல். இடையில் சென்றவை 41 ஆண்டுகள்.

கழகத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த 41 ஆண்டுகளை இரண்டு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். கிண்ணமில்லை, பத்திரிகைச் செய்தியுமில்லை. ஆனால் ஒரு செய்கையை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். லீக்கை இழந்த மறு ஆண்டே, 1929இல், கழகம் சென் மெல்ஸ் பார்க் என்னும் மைதானத்தைத் திறந்தது. பெரிய குழுக்கள் வந்து ஆடும் வாய்ப்புப் போன பிறகு ஒரு மைதானம்! புத்தியுள்ள வணிகன் செய்யும் காரியமன்று இது. அம்மைதானத்தில் சிறு போட்டிகளே நடந்தன. தகப்பன் ஆடியதைப் பார்த்த மகன் ஆடினான். அவன் ஆடியதைப் பேரன் பார்த்தான். 1969இல் லீக்கின் கதவு திறந்தபோது உள்ளே நுழைவதற்கு அவ்வூரிலே ஒரு கழகம் இருந்தது.

இதன் பொருள் வலிகாமத்தவர்க்கு விளக்காமலே புரியும். 1990 தொடக்கம் வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டன. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. வீடும் தோட்டமும் மைதானமும் பின்னே கிடக்க, ஊர்ப்பெயரை மாத்திரம் கையோடு கொண்டுபோனவர் பலர். வேற்றூர் வெளியொன்றில், சொந்த ஊரின் பெயரைச் சட்டையில் தரித்துப் பந்தை உதைத்த இளைஞருக்கு, வெற்றி தோல்வி இரண்டாவது விடயமே. ஊர் இன்னும் உண்டு என்பதற்கு அச்சட்டை ஒரு சாட்சி. அத்லோன்காரர் போரினால் இடம்பெயர்ந்தவர் அல்லர். இரண்டையும் ஒன்றெனச் சொல்வது பொருந்தாது. எனினும் பெயரைக் காத்து வைத்திருத்தல் என்னும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே.

லீக்குக்குத் திரும்பிய கழகம் முதலில் சிரிப்புக்கே இடமளித்தது. 1974இல் கிண்ண அரையிறுதியாட்டம் ஒன்றில் அதன் கோல் காப்பாளர் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கி அதை முறித்துவிட்டார். நடுவர் அவரை வெளியேற்றினார். மறு பருவத்தில் அதே கழகம் லீக்கில் இரண்டாம் இடம் பெற்று, ஐரோப்பிய யூஈஎப்ஏ கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. முதற் சுற்றில் நோர்வே நாட்டு வோலரெங்கா குழுவை இரண்டு ஆட்டங்களிலுமாக 4-2 எனத் தோற்கடித்தது. இரண்டாம் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கியபோது வந்து விழுந்த பெயர் ஏ.சி. மிலான்.

மிலான் 1963இலும் 1969இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இத்தாலியப் பெருங்கழகம். அதன் ஆட்டக்காரருக்கு ஆட்டமே தொழில். அத்லோன் ஆட்டக்காரரோ பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். 1975 ஒக்டோபர் 22, புதன்கிழமை, அந்த மிலான் சென் மெல்ஸ் பார்க்குக்கு வந்தது. சுமார் 9,000 பேர் அச்சிறு மைதானத்தைச் சூழ்ந்து நெருக்கினர். ஆட்டத்தில் அத்லோனுக்கு ஒரு தண்ட உதை கிடைத்தது. அதை உதைத்தவர் ஜோன் மினொக். எதிரே நின்றவர் இத்தாலியத் தேசியக் குழுவின் கோலைக் காத்து உலகக் கிண்ண இறுதியாட்டம் கண்ட அல்பெர்தோசி. உதையில் வலு இல்லை. அல்பெர்தோசி பந்தைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் கோலின்றி, 0-0 என முடிந்தது. மிலானை வென்றிருக்கக்கூடிய கணம் ஒன்று ஓர் உதையோடு போயிற்று என்று அவ்வூரார் பெருமூச்செறிவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெருமூச்சே அந்த ஆட்டத்தை மறவாமல் வைத்திருக்கிறது. இரு வாரங்களின் பின் மிலான் நகரின் சான் சீரோ அரங்கில் முதற் பாதி முழுவதும் தாக்குப்பிடித்த அத்லோன், இறுதியில் 3-0 எனத் தோற்றது.

அதன்பின் இரண்டு லீக் வெற்றிகள் வந்தன: 1981இலும் 1983இலும். அத்லோனிலே பிறந்த டர்லோ ஒகொனர் அப்போது முகாமையாளராக இருந்தார். பிறகு வீழ்ச்சி. லீக் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்ட பின்னர் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இடையிடையே ஏறியும் நிலைக்கவில்லை. 2007இல் சென் மெல்ஸ் பார்க்கை விட்டு நகரின் லிஸ்ஸிவொலன் பகுதியில் அமைந்த புதிய மைதானத்துக்குப் பெயர்ந்தது. 2017இல் நேர்ந்ததே மிகவும் கசப்பானது. வெளிநாட்டு முதலீட்டாளரும் வெளிநாட்டு ஆட்டக்காரரும் வந்து சேர்ந்திருந்த அவ்வாண்டில், ஆட்டமொன்றின் முடிவு பந்தயச் சூதுக்காக முன்கூட்டியே அமைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அயர்லாந்து உதைபந்தாட்டச் சங்கம் விசாரித்து இரண்டு ஆட்டக்காரருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. அவர்களோ குற்றத்தை மறுத்தனர். உண்மை எதுவாயினும், பட்டாளத்தார் ஆட்டம் என்ற பழியைத் தாங்கிய ஊருக்கு இந்தப் பழி தாங்க முடியாததாயிற்று. முன்னையதைச் சுமத்தியவர் அயலார். இதுவோ வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

கழகத்தின் பெயரை மீண்டும் நிமிர்த்தியவர்கள் பெண்கள். அத்லோன் மகளிர் குழு 2020இல் தேசிய மகளிர் லீக்கில் சேர்ந்தது. 2022இல் கிண்ண இறுதியாட்டத்தில் டப்ளினின் ஷெல்போர்ன் குழுவிடம் தோற்றது. மறு ஆண்டு அதே ஷெல்போர்ன் குழுவையே இறுதியாட்டத்தில் சந்தித்தது. மேலதிக நேரத்தின் பின்னும் ஆட்டம் சமநிலையில் நிற்க, தண்ட உதைகளால் முடிவு காண வேண்டியதாயிற்று. 1975இல் கைநழுவிய அந்த உதையைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்த ஊரின் பெண்கள், இம்முறை தண்ட உதைகளால் கிண்ணத்தை வென்றனர். 2024இல் அவர்கள் லீக்கையும் வென்றனர். 1983க்குப் பின் அத்லோனுக்கு வந்த முதலாவது தேசிய லீக் வெற்றி அது. இடையில் சென்ற ஆண்டுகள், இம்முறையும், 41.