வினையும் மனையும்: திரை நாடகங்களில் பெண் அறிவியலாளர் பாத்திரப் படைப்பு

ஆய்வுச் சுருக்கம்

பெண் அறிவியலாளரைப் பாத்திரமாக்கும் திரை நாடகங்கள் அவர்தம் ஆய்வுப் பணியை எவ்வாறு காட்டுகின்றன என்பதை, அகமரபின் வினை, மனை என்னும் கருத்தாக்கங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. 'மிஷன் மங்கள்', '7ஆம் அறிவு', 'ராக்கெட் பாய்ஸ்' ஆகிய இந்தியப் படைப்புகள் முதன்மைச் சான்றுகளாகவும், 'லைஃப் ஸ்டோரி', 'செர்னோபில்' ஆகிய மேலைத் தொலைக்காட்சி நாடகங்கள் ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வினை, மனை, பிரிவு, பாத்திரப் படைப்பு, பெண் அறிவியலாளர், தொலைக்காட்சி நாடகம்

முன்னுரை

பெண் அறிவியலாளர் திரையில் இடம்பெறுகிறாரா என்று கேட்டால், இன்று 'ஆம்' என விடை கூறுவது எளிது. அவர் செய்யும் வினை அவருடையதாகவே காட்டப்படுகிறதா என்று கேட்டால் விடை அத்துணை எளிதாக அமைவதில்லை. இவ்விரண்டாம் கேள்வியே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

வினை ஆடவர்க்குரியது, மனை மகளிர்க்குரியது என்னும் கருத்து, பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாடலில் (135) தெளிவாக வெளிப்படுகிறது. தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவிற்குரிய காரணங்களாக ஓதல், பகை, தூது ஆகியவற்றைச் சுட்டுகையில் ஓதலையே முதலில் வைக்கிறார். அறிவு தேடிப் புறப்படுபவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்னும் விதியும் அவ்வியலிலேயே காணப்படுகிறது. அதற்கு உரைவேறுபாடு உண்டு.

வாழ்வும் இவ்வாறே இருந்ததா எனின், இல்லை. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். எனினும் அகப்பாடலின் தலைவி தூது செல்வதில்லை. ஆகவே இம்மரபை அக்காலப் பெண்கள் எதைச் செய்தனர் என்பதற்கான சான்றாகக் கொள்வதைவிட, ஓர் இலக்கிய வகைமை வினையை யாருக்கு ஒதுக்கியது என்பதற்கான சான்றாகக் கொள்வதே பொருந்தும். திரை நாடகத்தையும் இவ்வாறே அணுகலாம்.

அடுக்களையில் பிறக்கும் அறிவியல்

2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று பெங்களூருக் கட்டுப்பாட்டு மையத்தில் சேலையணிந்த பெண்கள் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்ட ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. திட்டத்தின் செயற்பாட்டுத் துணை இயக்குநர்களாக நந்தினி ஹரிநாத், ரிது கரிதால் ஆகியோர் பணியாற்றினர். ஜகன் சக்தி இயக்கிய 'மிஷன் மங்கள்' 2019 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. அதே ஆண்டில் நான்கு பெண்களை மையமாகக் கொண்டு 'மிஷன் ஓவர் மார்ஸ்' என்னும் இணையத் தொடரும் வந்தது.

'மிஷன் மங்கள்' படத்தில் பரவலாகப் பேசப்பட்டது பூரிக் காட்சி. அடுப்பை அணைத்த பின்னும் எண்ணெயின் வெப்பத்தில் பூரி பொரிவதைக் காணும் தாரா ஷிண்டே (வித்யா பாலன்), எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் வழியை அதிலிருந்து கண்டடைகிறார். எண்ணெயில் தேங்கிய வெப்பமும் விண்கலத்தின் இயக்கமும் வேறு வேறு என்பது ஒருபுறமிருக்க, உவமை என்ற அளவில் இதனைக் குறைகூற வேண்டியதில்லை. அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்குவது உவமையின் இயல்பே. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. அறிவை விளக்கப் பயன்பட வேண்டிய அடுக்களை, அறிவு தோன்றிய இடமாகவே மாற்றப்படுகிறது. தாராவின் கல்வியும் பல்லாண்டுப் பயிற்சியும் பின்தள்ளப்பட, மனையே வினைக்கு ஊற்றாகிறது. ஏனைய பெண் பாத்திரங்களும் மகப்பேறு, காயமுற்ற கணவன், வாடகை வீடு என்னும் மனைசார் சிக்கல்களாலேயே பெரிதும் அடையாளம் பெறுகின்றன.

மெய்யான வினையில் நாடகத்திற்கு இடமில்லாமலில்லை. பூமியைச் சுற்றிய கட்டத்தில், நவம்பர் 11 அன்று நிகழ்ந்த சுற்றுப்பாதை உயர்த்தலில் கலம் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. மறுநாள் கூடுதல் முயற்சியால் அது சரிசெய்யப்பட்டது. ஏறத்தாழ 300 நாள் உறங்கிய முதன்மை எஞ்சின் செவ்வாயருகே 24 நிமிடம் எரிய வேண்டியிருந்தது. சமிக்ஞை ஒருவழி செல்லவே 12 நிமிடத்திற்கு மேலாகும் தொலைவு அது. ஆதலின் இடையில் மனிதர் குறுக்கிட இயலாது; கலம் தானே முடிவெடுப்பதற்குரிய கட்டளைகளை முன்கூட்டியே எழுதி அனுப்பியாக வேண்டும். பிழை நேரின் திருத்தக் காலமில்லை என்றறிந்து கட்டளை எழுதும் மனநிலையைக் காட்டப் பூரி தேவையில்லை.

இரு மேலை நாடகங்கள்

பிபிசி 1987இல் ஒளிபரப்பிய 'லைஃப் ஸ்டோரி' டி.என்.ஏ. கட்டமைப்பு கண்டறியப்பட்ட வரலாற்றைக் கூறுவது. ரோசலிண்ட் பிராங்க்ளினாக ஜூலியட் ஸ்டீவன்சன் நடித்தார். ஜேம்ஸ் வாட்சன் 1968இல் வெளியிட்ட நூல் பிராங்க்ளினை இணக்கமற்ற பெண்ணாகச் சித்திரித்திருந்தது. இந்நாடகமோ அவரது ஆய்வுக்கூடப் பொறுமைக்கு இடமளித்தது. 1952 மே மாதம் அவரும் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்திற்கு 60 மணிநேரத்திற்கும் மேலாக ஒளிபடச் செய்ய வேண்டியிருந்தது. காத்திருத்தலே இங்கு வினை.

2019இல் வெளியான 'செர்னோபில்' அமெரிக்க எச்பிஓவும் பிரிட்டனின் ஸ்கையும் இணைந்து உருவாக்கியது. அதில் வரும் உலானா கோமியுக் (எமிலி வாட்சன்) மின்ஸ்க் நகர அணு இயற்பியலாளர். சன்னலில் படிந்த தூசியைச் சோதித்து, விபத்து எங்கு நிகழ்ந்திருக்கும் என்பதை உய்த்துணர்கிறார். அவருக்குக் குடும்பக் கதை இல்லை, அடுக்களை இல்லை, வினை மட்டுமே உண்டு. ஆனால் கோமியுக் என்றொருவர் வாழ்ந்ததில்லை. லெகாசோவுக்குத் துணைநின்ற அறிவியலாளர் பலரின் பதிலியாகப் படைக்கப்பட்ட பாத்திரம் என்பதைத் தொடரின் இறுதிக் குறிப்பே கூறுகிறது. முழுமையான வினை பெற்ற பெண் கற்பனையாக இருப்பதும், மெய்யான பெண்களின் சாதனை அடுக்களை வழியே சொல்லப்படுவதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன என்பது எண்ணத்தக்கது.

தமிழ்ச் சூழல்

தமிழில் பெண் அறிவியலாளரை முதன்மைப் பாத்திரமாக்கிய பெருவழக்குப் படம் ஏ.ஆர். முருகதாஸின் '7ஆம் அறிவு' (2011). மரபணு ஆய்வு மாணவி சுபா (சுருதி ஹாசன்) மனையால் கட்டுண்டவர் அல்லர். ஆய்வு நோக்கம் உடையவர். எனினும் அவர் தேடும் அறிவு நாயகனின் உடலில், போதிதர்மரின் வழிவந்த மரபணுவாக உறைகிறது. சுபா கண்டுபிடிப்பவர், அரவிந்தன் கண்டுபிடிப்பாகவும் மீட்பனாகவும் ஆகிறான். இறுதியில் மரபறிவின் பெருமையை உலகிற்கு எடுத்துரைப்பவனும் அவனே.

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களைப் பொறுத்தவரை வீடே நிலைத்த முதற்பொருளாகிவிட்டது. மருத்துவரும் ஆட்சியரும் அவ்வீட்டிற்குள் வந்துபோகலாம். ஆய்வுக்கூடத்திற்கு அங்கு இடமில்லை. தூர்தர்ஷனில் ஒளிபரப்பான சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விதிவிலக்கான அறிவியல் கதை. அதிலும் நிலா காணாமற்போன கணவனைத் தேடும் மனைவி. நுண்ணறிவு முழுவதும் இயந்திர நாயான ஜீனோவிடம்!

அன்னா மாணி: ஓதற்பிரிவு

2022இல் சோனி லிவ் தளத்தில் வெளியான 'ராக்கெட் பாய்ஸ்' ஹோமி பாபா, விக்ரம் சாராபாய் ஆகியோரின் வரலாறு. ஆடவர் வினைமேற் செல்ல, மகளிர் ஆற்றியிருத்தல் என்னும் பழைய அமைப்பே இதிலும் தொழிற்படுகிறது. நாட்டியக் கலைஞரான மிருணாளினிக்குத் தமக்கெனக் கலை இருப்பினும், சாராபாயின் வினை விளைத்த பிரிவே அவர் பாத்திரத்தின் பெருஞ்சுமையாகிறது. தொடரின் தலைப்பே எல்லையை வகுத்துவிடுகிறது.

இக்கதையின் களங்களான சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்திலும் தும்பாவிலும் மெய்யாகவே பணியாற்றிய பெண் ஒருவர் உண்டு. பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1940இல் பெங்களூரில் இராமனிடம் ஆய்வில் சேர்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். படிகங்களைத் திரவக் காற்றின் வெப்பநிலையில் வைத்து, ஒளிப்படத் தகட்டில் நிறமாலை பதியும்வரை 15 முதல் 20 மணிநேரம் காத்திருக்க வேண்டும். இரவு முழுவதும் ஆய்வுக்கூடத்திலேயே கழிவது வழக்கம். அகப்பாடலின் தலைவியும் இரவில் விழித்திருப்பவளே. அவள் காத்திருப்பது தலைவனுக்காக.

1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக்கட்டுரைகளைத் தனியொருவராக வெளியிட்ட அவர், 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேட்டை அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவ்வாண்டே வானிலைக் கருவியியல் பயில இலண்டன் சென்றார். கடல்கடந்த இவ்வோதற்பிரிவு ஒரு பெண்ணுடையது. 1948இல் திரும்பி, பூனாவில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி உள்நாட்டிலேயே அவற்றை உருவாக்க வழிவகுத்தார். தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவப்பட்ட காலத்தில் அங்கு வானிலை ஆய்வகத்தையும் கருவிக் கோபுரத்தையும் நிறுவியவரும் அவரே.

அன்னா மாணி திருமணம் செய்துகொள்ளவில்லை. மனையிலிருந்து வினையை விளக்கப் பழகிய திரைக்கதைக்கு இவர் அரிதான பாத்திரம். ஆயினும் ஏற்கப்படாத ஆய்வேடு ஒன்று பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளோடு ஒத்த கட்டுமானத்தில் வேறுபாடின்றி அடுக்கப்பட்டிருக்கிறது. நாடக ஆசிரியர் ஒருவர் முதற்காட்சியை அங்கிருந்து தொடங்கலாம்.