மழைக்கால சரக்கு ஓட்டம்: காலி வண்டியில்தான் கவனம் அதிகம் தேவை!

ஐப்பசி, கார்த்திகை அடைமழை நம் பகுதிக்குப் புதிதல்ல. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. மழைக்காகக் கடையை மூட முடியுமா? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை ஊர்களுக்கு அரிசியும் எண்ணெயும் போய்த்தான் ஆக வேண்டும்.

நம்மவர்கள் பலர் வைத்திருக்கும் 'குட்டி யானை' டாடா ஏஸ், மாருதி ஈகோ, 2019இல் உற்பத்தி நின்ற ஆம்னி, 2014இல் நின்ற அம்பாசடர் ஆகிய எல்லாவற்றிலும் எஞ்சின் விசை பின் சக்கரங்களுக்கே போகிறது. லோடு இருக்கும்போது பின் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் லேசாகிவிடும். ஈரமான வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். வேகத்தில் சட்டென்று கியரைக் குறைத்தாலும் இதே கதைதான்.

கவனிக்க வேண்டியவை:

1. வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைக்கவும்.

2. பின்பக்கம் வழுக்கினால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை அளவாகத் திருப்பவும். வண்டி நேரானதும் ஸ்டீயரிங்கையும் நேராக்கவும்.

3. நெடுநாள் கழித்துப் பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரத்து மணலையும் கவனிக்கவும்.

4. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும்வரை காத்திராமல் மாற்றவும். தேய்ந்த டயரைப் பின்னால் போடவே வேண்டாம்.

5. மூட்டைகளைத் தாழ்வாக, இருபுறமும் சமமாக அடுக்கிக் கட்டவும். பின் அச்சுக்கு அப்பால் பாரம் தொங்கக் கூடாது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி; 40இல் முக்கால் மணி. வித்தியாசம் 15 நிமிடமே! ஆனால் 60இல் போகும் வண்டி நொடிக்கு 17 மீட்டர் பாய்கிறது. 40இல் 11 மீட்டர்தான். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

"எங்கேப்பா இருக்கே, சீக்கிரம் வா" என்று கைபேசியில் ஓட்டுநரை விரட்டுவது பெரும்பாலும் முதலாளிகளாகிய நாம்தான். சரக்கு கால் மணி தாமதமானால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். ஓட்டுநர் வீடு திரும்பாவிட்டால் அவர் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? மழை நாட்களில் வண்டியைக் கால் மணி முன்னதாகவே அனுப்புவோம்!