மேலே போய் நின்னுட்டா என்ன ஆகும்?

மரக்காணத்திலிருந்து பேசுகிறேன். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை இன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பிள்ளைகளின் அம்மா ஒருவர் கேட்டிருந்தார்: "அந்த டவர் ராட்டினம், உச்சிக்குக் கொண்டுபோய் டபக்குன்னு கீழே விடுமே, அதுல கரண்ட் போச்சுன்னா என்னங்க ஆகும்? விழுந்துடுமா?"

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். ஒழுங்காகச் செய்த, ஒழுங்காகப் பராமரித்த டிராப் டவர் என்றால், கரண்ட் போனதற்காக விழாது. மேலே போகும்போது போனால் அங்கேயே நிற்கும். நமக்குப் பயமெல்லாம் விழுவதில்தான். ஆனால் சிக்கல் பெரும்பாலும் நின்ற பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஏன் விழாது? மேலே இழுக்கும் மோட்டாரின் பிரேக்கைப் பாருங்க. நம்ம வண்டியில் அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். இங்கே தலைகீழ். ஒரு ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்தால்தான் அது விலகும். கரண்ட் போன நொடியே தானாகப் பிடித்துக்கொள்ளும். அடுக்குமாடி லிஃப்டிலும் இதே ஏற்பாடுதான்.

சரி, விழுந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனால்? அதற்குத்தான் காந்தம். பல டவர்களில் இருக்கைகள் உள்ள வண்டியில் நிரந்தரக் காந்தங்களும், கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் உலோகத் தகடுகளும் இருக்கும். காந்தம் வேகமாகத் தகட்டைக் கடக்கும்போது தகட்டுக்குள் ஒரு சுழல் மின்னோட்டம் பிறந்து, அந்தக் காந்தத்தையே எதிர்த்துத் தள்ளும். உரசல் கிடையாது, வெளியிலிருந்து மின்சாரமும் வேண்டாம். ஊரே இருட்டானாலும் அது வேலை செய்யும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு செம்புக் குழாய்க்குள் வலுவான சின்னக் காந்தம் ஒன்றைப் போடுங்க, ஆடி அசைந்து மெதுவாக இறங்கும். ஒரு குறை உண்டு. இது வேகத்தைத்தான் குறைக்கும்; அசையாமல் நிறுத்திப் பிடிக்காது. அதனால்தான் உச்சியில் பிடிக்கத் தனிக் கொக்கி, தனிப் பிரேக்.

தோளுக்கு மேல் வந்து பூட்டும் கம்பியும் அப்படித்தான், கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும். "திறக்கவே முடியலையே"ன்னு மேலே மாட்டியவர்கள் பதறுவதுண்டு. திறக்காமல் இருப்பதுதான் அங்கே உயிர். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஒரு டிராப் டவரிலிருந்து 14 வயதுப் பையன் விழுந்து இறந்தான். டவரின் பிரேக் அன்றைக்குச் சரியாகத்தான் பிடித்தது. அவன் உட்கார்ந்த இருக்கையின் சென்சாரை யாரோ கையால் மாற்றி வைத்திருந்ததால், கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் ராட்டினம் கிளம்ப அனுமதித்துவிட்டது.

இப்போது நின்ற கதைக்கு வருவோம். முதலில் ஆபரேட்டர் மைக்கில் பேச வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும். நான் ஒரு திருவிழாவில் ஜெயண்ட் வீல் உச்சியில் இருபது நிமிஷம் மாட்டியிருக்கிறேன். கீழே ஆட்கள் ஓடுவது தெரிகிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "கரண்ட் கட்டு, ஜெனரேட்டர் போடறோம்"னு ஒரு குரல் வந்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். அடுத்து, சென்சார் ஏன் நிறுத்தியது என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். பார்க்காமல் பட்டனை அழுத்துவது தப்பு. அதுவும் முடியாவிட்டால், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் விட்டு இறக்க வழி வைத்திருப்பார்கள். கடைசி வழி, வெளியிலிருந்து ஆள்.

அந்தக் கடைசி வழியை நம்ம ஈசிஆரிலேயே பார்த்தோம். 2025 மே 27, சென்னை இஞ்சம்பாக்கம் விஜிபி யுனிவர்சல் கிங்டம். டிராப் டவர் இல்லை, 'டாப் கன்' என்ற வேறு ராட்டினம். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, சில மணி நேரம் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்புத் துறை ராட்சத ஸ்கை லிஃப்ட் வண்டியைக் கொண்டுவந்து எல்லோரையும் பத்திரமாக இறக்கியது. இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு. 2016 டிசம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில், கோபுரத்தில் ஏறி இறங்கும் ஸ்கை கேபின் மதியம் நின்றது. 21 பேரைத் தீயணைப்பு வீரர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். முடிய இரவு பத்து மணி வாக்கில் ஆகிவிட்டது.

என் கருத்து: 'நாமளே சரி பண்ணிடலாம்'னு காத்திருக்கவே கூடாது. ராட்டினம் நின்ற சில நிமிஷங்களிலேயே 101-க்கோ 112-க்கோ சொல்லிவிட வேண்டும். மெக்கானிக் ஒரு பக்கம் பார்க்கட்டும். அவ்வளவு உயரம் எட்டும் வண்டி எல்லா ஊர் ஸ்டேஷனிலும் கிடையாது. தூரத்திலிருந்து வர வேண்டும் என்றால் அந்த நேரம் முழுக்க மே மாத வெயிலில் குழந்தைகள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்க ஊர்க்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே உப்பளத்துப் பக்கம் சைக்கிளை நிறுத்தி வைத்தால் செயின் என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். உப்புத்தூள் காற்றில் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழையே இல்லாவிட்டாலும் இரும்பு நனைந்தபடியே கிடக்கும். கடற்கரையோரம் நிற்கும் எந்த ராட்டினத்துக்கும் இது உண்டு. அதிலும் கம்பிவடம் மோசம்: வெளியே கிரீஸ் பளபளக்கும், உள்இழைகள் துருப்பிடித்திருக்கும். வடம் போனால் என்ன ஆகும் என்பதை 2007-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பார்த்தார்கள்: டவர் மேலே ஏறும்போது வடம் அறுந்து ஒரு சிறுமியின் இரண்டு பாதங்களும் துண்டிக்கப்பட்டன. இதெல்லாம் பூங்காவின் பராமரிப்புப் புத்தகத்தில் தேதி போட்டு இருக்க வேண்டிய வேலை.

ஊர் ஊராகப் பிரித்து மாட்டும் பொருட்காட்சி டவர்களில்தான் எனக்கு உண்மையான பயம். 2022 செப்டம்பர் 4 அன்று மொஹாலியில் அப்படி ஒன்று சுமார் 50 அடியிலிருந்து நேராகத் தரையில் வந்து மோதியது. பத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். வீடியோவைப் பார்த்தீர்கள் என்றால் கடைசி வரை வேகம் குறையவே இல்லை.

அதனால அம்மா, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. ஏறும் முன்னே ஊழியர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரான்னு கவனிங்க. பார்க்கலைன்னா இறங்கிடுங்க. மேலே நின்னுட்டா கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துட்டே இருங்க. அவங்களுக்கு நீங்க பேசுவது ஒண்ணுதான் காதில் விழும்.